காரணியைக் காட்டாத எண்: 2¹²⁷⁷ − 1

2601983048666099770 என்று தொடங்கி 2182271 என்று முடிகிற எண் ஒன்று இருக்கிறது. மொத்தம் 385 இலக்கங்கள். நடுவில் வருவதையெல்லாம் எழுதி இடத்தை அடைக்க வேண்டியதில்லை. 1277 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது இது, ஆகவே 2¹²⁷⁷ − 1 என்று எழுதினால் முடிந்தது.

இது பகா எண் இல்லை என்று 1952-லேயே நிரூபித்துவிட்டார்கள். அப்படியென்றால் ஒன்றையும் தன்னையும் தவிர வேறு ஏதோ ஓர் எண்ணால் இது மீதியில்லாமல் வகுபட்டே தீர வேண்டும். அந்த எண் எது? எழுபது ஆண்டுகளுக்கு மேல் தேடியும் ஒரு காரணிகூடக் கிடைக்கவில்லை. பகா எண்ணை அடுக்காகக் கொண்ட இந்த வகை எண்களில், ஒரு காரணிகூடத் தெரியாத பகு எண்களை வரிசைப்படுத்தினால் முதலில் நிற்பது இதுதான்.

கேட்டவுடன் ஏதோ ஏமாற்று வேலை போலத் தோன்றும். 91 பகு எண் என்று காட்டச் சொன்னால் 7 × 13 என்று எழுதுவோம். காரணியைக் காட்டுவதுதான் நிரூபணம் என்று பள்ளிக்கூடம் நம்மைப் பழக்கி வைத்திருக்கிறது. உண்மையில் 'இது பகுபடுமா?' என்பதும் 'எதனால் பகுபடும்?' என்பதும் வெவ்வேறு கேள்விகள். சிறிய எண்களில் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் விடை வந்துவிடுவதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. எண் பெரிதாகப் பெரிதாக முதல் கேள்வி எளிதாகவே இருக்கிறது, இரண்டாவது கேள்வி மலையாகிவிடுகிறது.

அடுத்த வீட்டைப் பார்த்தால் இன்னும் வியப்பு. 1277, 1279 இரண்டும் இரட்டைப் பகா எண்கள், அதாவது இரண்டு மட்டுமே இடைவெளி கொண்ட பகா எண் ஜோடி. 2¹²⁷⁹ − 1 என்பது 386 இலக்க எண். நம் எண்ணை நான்கால் பெருக்கி மூன்றைக் கூட்டினால் அது வந்துவிடும். அது சுத்தமான பகா எண். அதுவும் 1952-ல்தான், ஸ்வாக் என்ற பழைய கணினியில் ரஃபேல் ராபின்சன் எழுதிய நிரலால் உறுதியானது. ஒரே ஆண்டில், ஒரே நிரலில் சோதித்த இரண்டு அண்டை எண்கள். ஒன்று பகா எண் என்று பெயர் வாங்கிவிட்டது, மற்றது பகு எண் என்ற தீர்ப்போடு அப்படியே நிற்கிறது.

இந்த வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். 2-இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் எப்போது பகா எண் வரும் என்பது பழைய கேள்வி. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் வரவே வராது: 2⁶ − 1 = 63, அடுக்கில் உள்ள 6-ஐ 2 × 3 என்று பிரிக்கலாம் என்பதால் 2² − 1 = 3, 2³ − 1 = 7 இரண்டும் அதை வகுக்கின்றன. ஆகவே அடுக்கு பகா எண்ணாக இருப்பது கட்டாயம். ஆனால் அது மட்டும் போதாது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. பிரான்சுத் துறவி மெர்சென் 1644-இல், 257 வரை எந்தெந்த அடுக்குகள் பகா எண் தரும் என்று ஒரு பட்டியல் தந்தார். 67, 257 இரண்டையும் தவறாகச் சேர்த்திருந்தார்; 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார். ஐந்து பிழைகள் இருந்தும் பெயர் அவருடையதாகவே நிலைத்துவிட்டது.

அந்தப் பட்டியலின் 67-இல்தான் நம் கதையின் முன்னோட்டம் இருக்கிறது. 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா 2⁶⁷ − 1 பகா எண் இல்லை என்று காட்டினார். காரணி எதையும் அவர் தரவில்லை. 27 ஆண்டுகள் கழித்து, 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் அதன் காரணிகளை முன்வைத்தார்: 193707721 × 761838257287 = 147573952589676412927. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையின் ஒரு பக்கம் 2⁶⁷ − 1 என்ன என்று கணக்கிட்டு, மறுபக்கம் இந்தப் பெருக்கலைச் செய்து, இரண்டும் ஒன்றே என்று காட்டிவிட்டு உட்கார்ந்ததாகவும், மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குப் போயின என்று பிறகு சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. பலர் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையாக இருக்கலாம். எண்கள் மட்டும் உண்மை, பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, காரணி இல்லாமல் தீர்ப்பு எப்படி வந்தது? லூக்கா தொடங்கி வைத்து, 1930-களில் டெரிக் ஹென்றி லேமர் செம்மைப்படுத்திய ஒரு சோதனை இருக்கிறது. கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறியது. 4-இல் தொடங்க வேண்டும். கையில் உள்ள எண்ணை வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, சோதிக்கும் மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இதை அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்ய வேண்டும். கடைசியில் மீதி பூச்சியம் என்றால் பகா எண், இல்லையென்றால் பகு எண். மூன்றாவது வாய்ப்பே கிடையாது.

2⁷ − 1 = 127-ஐச் சோதிப்போம். ஐந்து சுற்றுகள். 4, அடுத்து 14, அடுத்து 194 (127 போக மீதி 67), பிறகு 42, பிறகு 111. 111-இன் வர்க்கம் 12321, இரண்டு போனால் 12319, அது சரியாக 127 × 97. மீதி பூச்சியம், 127 பகா எண். இப்போது 2047. ஒன்பது சுற்றுகள்: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, கடைசியில் 1736. பூச்சியம் வரவில்லை, ஆகவே 2047 பகு எண். இந்தக் கணக்கில் 23 எங்காவது தலைகாட்டியதா? 89? இல்லை. 1736-ஐ எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அவை தெரியப் போவதில்லை. இதுதான் மையமான விஷயம். பகா எண்ணாக இருந்தால் கட்டாயம் நடந்திருக்க வேண்டிய ஒன்று நடக்கவில்லை என்பதை மட்டுமே சோதனை சொல்கிறது. யாரால் நடக்காமல் போனது என்று சொல்வதில்லை.

2¹²⁷⁷ − 1-க்கு இதேபோல 1275 சுற்றுகள். ஸ்வாக் காலத்தில் அது பெரிய வேலை. இன்று சாதாரணக் கணினி கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். முடிவு எப்போதும் ஒன்றுதான்: மீதி பூச்சியம் இல்லை.

இந்தச் சிறப்புச் சோதனை எதற்கு, பொதுவாகப் பயன்படும் ஃபெர்மா சோதனை போதாதா என்று கேட்கலாம். பகா எண் ஒன்றை எடுத்து, 2-ஐ அதைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும் என்பது ஃபெர்மாவின் சிறிய தேற்றம். மீதி 1 வராவிட்டால் பகு எண்தான். ஆனால் மெர்சென் எண்கள் இந்தச் சோதனையை ஏமாற்றிவிடுகின்றன. 2047-ஐப் பாருங்கள். 2¹¹ என்பது 2048, மீதி 1. 2046 என்பது 11-இன் மடங்கு. ஆகவே 2²⁰⁴⁶-க்கும் மீதி 1. பகு எண், பகா எண் வேடத்தில் உள்ளே நுழைந்துவிட்டது. நம் எண்ணும் இப்படியே நுழைந்துவிடும், ஏனென்றால் அதில் ஒன்றைக் கழித்தால் வருவது 1277-இன் மடங்கு. அடுக்கு பகா எண்ணாக இருக்கிற எல்லா மெர்சென் பகு எண்களுக்கும் இந்தத் திறமை உண்டு. 2-க்குப் பதிலாக 3-ஐ வைத்துச் சோதித்தால் நம் எண் மாட்டிக்கொள்ளும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காரணி தெரியாது என்றேன். ஆனால் அந்தக் காரணிகளைப் பற்றி நிறையத் தெரியும்.

காரணியாக இருக்கக்கூடிய ஒரு பகா எண்ணைக் 'க' என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொரு முறையும் க-வால் வகுத்து மீதியைக் குறித்தால், 1277-ஆவது அடியில் மீதி 1 வரும். க நம் எண்ணை வகுக்கிறது என்பதற்குப் பொருளே அதுதான். 1277 பகா எண் என்பதால் அதற்கு முன்னால் 1 வர வழியில்லை. ஆகவே மீதிகள் சரியாக 1277 அடிகளுக்கு ஒருமுறை தொடக்கத்துக்குத் திரும்புகின்றன. ஃபெர்மாவின் தேற்றப்படி, க-வைவிட ஒன்று குறைவான அடியிலும் மீதி 1 வர வேண்டும். இரண்டும் ஒத்துப்போக வேண்டுமானால் க-வில் ஒன்றைக் கழித்தால் 1277-இன் மடங்காக இருக்க வேண்டும். க ஒற்றைப்படை எண், எனவே 2554-இன் மடங்காகவே இருக்க வேண்டும். முடிவாக, இந்த எண்ணின் ஒவ்வொரு காரணியும், அது எத்தனை இலக்கம் கொண்டதாக இருந்தாலும், 2554-இன் மடங்கைவிட ஒன்று அதிகம்.

பழைய எண்களில் சரிபார்க்கலாம். அடுக்கு 11 என்றால் 22-இன் மடங்கைவிட ஒன்று அதிகம்: 23, 89 இரண்டும் அப்படியே. கோல் கண்ட 193707721-இல் ஒன்றைக் கழித்து 134-ஆல் வகுத்தால் 1445580, மீதியில்லை.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. எந்தக் காரணியையும் 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும். இதைச் சேர்த்தால் 2554-இன் மடங்குகளில் பாதி கழிந்துவிடும். 3, 4, 7, 8, 11, 12 என்று வரும் மடங்குகள் மட்டும் மிஞ்சும். மூன்றாம் மடங்கு தருவது 7663. அது 79 × 97, பகா எண்ணே இல்லை. நான்காவது 10217, அது 17 × 601. ஏழாவது 17879 = 19 × 941. எட்டாவது மூன்றால் வகுபடும், பதினொன்றாவது ஐந்தில் முடியும். பன்னிரண்டாவதாக 30649. இது பகா எண்தான், எல்லா நிபந்தனைகளுக்கும் உட்பட்டதுதான், ஆனால் நம் எண்ணை வகுப்பதில்லை. 30,000 வரையில் சோதிக்கத் தகுதியான எண் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 7. மீதி 1 தருகிற காரணிகளை மட்டும் பெருக்கி 7-ஐக் கொண்டுவர முடியாது. ஆகவே மீதி 7 தருகிற பகா காரணிகள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தே ஆக வேண்டும். மொத்தம் இரண்டே பகா காரணிகள் என்றால் ஒன்று இந்த வகை, மற்றது அந்த வகை. 23-க்கு மீதி 7, 89-க்கு மீதி 1. கோலின் இரண்டு எண்களும் அப்படியே ஜோடி சேர்கின்றன. ஒரு காரணியைக்கூடக் கண்ணால் பார்க்காமல் இவ்வளவு சொல்ல முடிகிறது என்பது எனக்கு இன்றும் அலுக்காத விஷயம்.

காரணிகள் எல்லாம் ஒன்றேயாக, அதாவது ஏதோ ஓர் எண்ணின் வர்க்கமாகவோ கனமாகவோ இந்த எண் இருக்குமா? இருக்காது. 4-ஆல் வகுத்தால் மீதி 3 வருவதால் முழு வர்க்கம் இல்லை. கனம், ஐந்தாம் படி போன்ற ஒற்றைப்படைப் படியாக இருந்தால், அதோடு ஒன்றைக் கூட்டும்போது ஓர் ஒற்றைப்படைக் காரணி பிரிந்து வரும். ஆனால் கூட்டினால் கிடைப்பது 2¹²⁷⁷, அதில் ஒற்றைப்படைக் காரணிக்கு இடமேது? காரணிகளில் ஏதாவது ஒன்று மட்டும் இருமுறை வரலாமா என்பது இதைவிடக் கடினமான கேள்வி. அப்படி வந்தால் அந்தக் காரணி வீஃபெரிச் பகா எண் என்ற அபூர்வ இனத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். அந்த இனத்தில் இதுவரை கிடைத்திருப்பவை 1093, 3511 இரண்டே. இரண்டும் 2554-இன் மடங்கைவிட ஒன்று அதிகமான எண்கள் இல்லை. ஆகவே நம் எண்ணில் ஒரு காரணி இரட்டித்திருந்தால், மூன்றாவது வீஃபெரிச் பகா எண்ணும் கூடவே கிடைக்கும். நான் பந்தயம் கட்டமாட்டேன்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் பிடிபடவில்லை? எண்ணின் அளவு அப்படி. மிகச்சிறிய காரணியே 193 இலக்கங்கள் வரை இருக்கலாம். ஒவ்வொரு மடங்காகச் சோதிப்பது இருபது சொச்சம் இலக்கங்களிலேயே மூச்சு வாங்கிவிடும். அதற்கு மேல், ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா 1980-களில் உருவாக்கிய எலிப்டிக் கர்வ் (நீள்வட்ட வளைவு) முறை கைகொடுக்கிறது. அது ஒருவகைக் குலுக்கல்: ஒவ்வொரு வளைவும் ஒரு சீட்டு, காரணி சிறியதாக இருந்தால் பரிசு விழும் வாய்ப்பு கூடும். பல தன்னார்வலர்களின் கணினிகள் இந்த எண்ணின் மேல் எண்ணற்ற வளைவுகளை ஓட்டிவிட்டன. 60 இலக்கத்துக்குள் ஒரு காரணி இருந்திருந்தால் பெரும்பாலும் இந்நேரம் சிக்கியிருக்கும்.

இப்படி ஒளிந்திருப்பது எவ்வளவு அபூர்வம் என்று தோராயமாகக் கணக்கிடலாம். மெர்சென் எண்ணைத் தேடுபவர்கள் கையாளும் ஒரு விதி உண்டு: 2-இன் ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையில் காரணி இருக்கும் வாய்ப்பு, அந்த அடுக்கில் ஒரு பங்கு. ஐம்பதாவது அடுக்கு என்றால் ஐம்பதில் ஒன்று. 60 இலக்கம் என்பது ஏறத்தாழ 2²⁰⁰. பன்னிரண்டாம் அடுக்கில் தொடங்கி அதுவரை ஒவ்வொரு படியிலும் தப்பித்து வரும் வாய்ப்புகளைப் பெருக்கினால் 200-இல் 11 கிடைக்கிறது. நூறு எண்களில் ஐந்தாறு இப்படித் தப்பும். அதிசயமில்லை, பிடிவாதம்தான்.

குலுக்கலை நம்பாமல் நேராக உடைக்கும் வழி, நம்பர் ஃபீல்டு சீவ் என்ற சல்லடை முறை. 2-இன் அடுக்கில் ஒன்று குறைவு என்ற எளிய வடிவம் இருப்பதால் மெர்சென் எண்களுக்கு இதன் சிறப்பு வடிவம் பொருந்தும். வடிவமே இல்லாத எண்ணைவிட வேலை வெகுவாகக் குறையும். 320 இலக்கம் கொண்ட 2¹⁰⁶¹ − 1 இந்த முறையில்தான் 2012-இல் உடைந்தது. 2014-இல் தோர்ஸ்டன் கிளைன்யுங், யோப் போஸ், அர்யன் லென்ஸ்ட்ரா மூவரும், அடுக்கு 1000-க்கும் 1200-க்கும் இடைப்பட்ட 17 எண்களைச் சேர்த்து உடைக்கும் திட்டத்தை முன்வைத்தார்கள். 1277 அந்த எல்லைக்குச் சற்று அப்பால் நிற்கிறது. வடிவமில்லாத எண்ணோடு ஒப்பிட வேண்டுமானால், ஆர்எஸ்ஏ-250 என்ற 250 இலக்க எண் 2020-இல் உடைக்கப்பட்டபோது, ஒரே ஒரு பிராசசர் கோரில் ஓட்டியிருந்தால் ஏறத்தாழ 2700 ஆண்டுகள் ஆகியிருக்கும் அளவுக்கு வேலை தேவைப்பட்டது.

தேடுவது இப்படி என்றால், சரிபார்ப்பது இதற்கு நேர்மாறு. நாளை யாராவது ஒரு காரணியைக் கொண்டுவந்து நீட்டினால், 2-ஐ 1277-ஆம் அடுக்குக்கு உயர்த்தி மீதி 1 வருகிறதா என்று பார்த்தால் போதும். ஒவ்வொன்றாகப் பெருக்கவும் வேண்டாம். 1277-ஐ இரும எண்ணாக எழுதினால் 10011111101, பத்தே வர்க்கங்களில் வேலை முடியும். கண்டுபிடிக்கக் கடினம், சரிபார்க்க எளிது என்ற இந்த ஏற்றத்தாழ்வின் மேல்தான் இணையப் பரிமாற்றங்களைக் காக்கும் ஆர்எஸ்ஏ பூட்டு நிற்கிறது. ஓர் எண் பகா எண்ணா என்பதை எப்போதும் விரைவாக முடிவு செய்ய முடியும் என்று 2002-இல் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் நிரூபித்தார்கள். காரணி காண்பதற்கு அப்படியொரு விரைவான வழி சாதாரணக் கணினிகளில் கிடைக்கவில்லை. அப்படி வழியே இல்லை என்றும் யாரும் நிரூபித்துவிடவில்லை.

இந்த வரிசையில் வேறு பெரிய தலைகளும் உண்டு. 2-ஐ 2²⁰ என்ற அடுக்குக்கு உயர்த்தி ஒன்றைக் கூட்டினால் வருவது இருபதாவது ஃபெர்மா எண்; மற்றவையும் இதே வடிவம்தான். இருபதாவது 315,653 இலக்கங்கள் கொண்டது, இருபத்து நான்காவது ஐம்பது இலட்சத்துக்கும் மேல். இரண்டும் பகு எண்கள் என்று தெரியும், ஒரு காரணியும் தெரியாது. பதினான்காவது ஃபெர்மா எண்ணும் 1960-களின் தொடக்கத்திலிருந்து இதே கூட்டத்தில்தான் இருந்தது. 2010-இல் அதன் ஒரு காரணி கிடைத்துவிட்டது.

குவாண்டம் கணினி வந்தால் எல்லாம் ஒரு நொடியில் தீர்ந்துவிடும் என்பார்கள். பீட்டர் ஷோர் 1994-இல் தந்த வழிமுறை செய்வது இதைத்தான்: ஓர் எண்ணை அடுக்கடுக்காக உயர்த்தும்போது எத்தனை அடிகளில் மீதி 1-க்குத் திரும்புகிறது என்று கண்டுபிடித்து, அந்தச் சுழற்சியைப் பாதியாகப் பிளந்து காரணியை வெளியே இழுப்பது. நம் எண்ணில் 2-இன் சுழற்சி எவ்வளவு என்று குவாண்டம் கணினி இல்லாமலே தெரியும்: 1277. ஆனால் அது ஒற்றைப்படை எண், பாதியாகப் பிளக்க முடியாது. ஆகவே 3 போன்ற வேறோர் எண்ணில்தான் தொடங்க வேண்டும். அதன் சுழற்சி எவ்வளவு என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது.